கும்மியை வரிசையில் நிறுத்தினோம்

கலைவிழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று என் பழைய அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'மக்கள் பங்கேற்பு, சில இனிய நினைவுகள்'. போனில் பேசியவர் எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். நல்ல மாதிரி. "சார், யாரையும் குத்திக் காட்டற மாதிரி வேண்டாங்க சார். நல்லதா நாலு விஷயம் போதும்" என்றார். நல்லதாக நாலு விஷயம் தேறுமா என்று ஒரு வாரமாக அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒன்று தேறியது. அடுத்ததாக நினைவுக்கு வருவது நல்லதில்லை, ஆனால் அதைத் தாண்டி வேறு எதையும் எழுத முடியவில்லை. எழுதுகிறேன். மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும்.

போன வருடம் விழாவுக்குப் போயிருந்தேன். நுழைவில் ஒரு பேனர், அதன் முன் நின்று செல்ஃபி எடுத்து அனுப்பினால் நீங்களும் பங்கேற்பாளர். மேடையில் 'நெசவாளர் மகளிர் கும்மி' என்று அறிவித்தார்கள். கண்டாங்கிச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு கல்லூரி மாணவிகள் இருபது பேர் வந்து ஆடினார்கள். தறிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்க மாட்டார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள், அந்தப் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், "நெசமான தறிக்காரப் பொம்பளைங்க ஆரும் வரமாட்டாங்களாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

நான் கலைஞன் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சிலர் 'கலைத்துறையில் இருந்தவர்' என்று கையெடுத்துக் கும்பிடுவதால் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தாளமும் வராது, ராகமும் தெரியாது. தட்டச்சு தெரியும் என்று வேலைக்கு எடுத்தார்கள். ஆறு வருடம் கலைஞர்களுக்கு அழைப்புக் கடிதம் அடித்தேன். பிறகு கள அலுவலர் என்று ஒரு பெயர் கொடுத்து வெயிலில் இறக்கி விட்டார்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் வருடம் ஒருமுறை திறந்தவெளியில் மூன்று நாள் கலைவிழா. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அந்த ஊர்க்காரர்களை விழாவில் சேர்ப்பது என் பொறுப்பு.

நான் பொறுப்பேற்ற முதல் விழா ஜேடர்பாளையத்தில், அணைக்குப் பக்கத்தில். இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அங்கே மீன் வறுத்து விற்கிறவர்களை அரை மைல் தூரத்துக்குத் துரத்திவிட்டோம். ஆற்றில் குளித்துவிட்டு வந்த கூட்டம் மீன் வாசம் எங்கே அடித்ததோ அங்கே போய்விட்டது. மேடையில் கரகக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள், எதிரே நாங்களும் இரண்டு போலீஸ்காரர்களும். மறுநாள் காலையில் மீன்கடைக்காரம்மா ஒருவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "ஏனுங்க சார், எங்களத் தொரத்திப்போட்டு ஆருக்குங்க கூத்துக் காட்டறீங்க?" என்று கேட்டார். கடைகளை மைதானத்து ஓரத்துக்கே கொண்டு வரச் சொன்னேன். ஜமுக்காளம் விரிப்பதும் குடிதண்ணீர் வைப்பதும் உங்கள் பொறுப்பு என்று அவர்களிடமே ஒப்படைத்தேன். அன்று சாயங்காலம் உட்கார இடமில்லை. இந்தக் கட்டுரையில் இனிய நினைவு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

அதிலிருந்து என் வழிமுறை உருவானது. மண்டபத்தில் கூட்டம் போட மாட்டேன், அங்கே கட்சிக்காரர்கள்தான் வருவார்கள். தெருத் தெருவாகப் போவேன். ஒரு தெருவுக்கு மைதானத்தில் தண்ணீர் தெளிக்கிற வேலை, ஒரு தெருவுக்குக் கோலம், ஒரு தெருவுக்கு வெளியூர்க் கலைஞர்களுக்குச் சோறு. வாசலில் நின்று 'வாங்க' என்று கூப்பிட்டால் தலையாட்டுவார்கள், வரமாட்டார்கள். வேலை கொடுத்தால் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். பள்ளிபாளையத்துக்கு மட்டும் இன்னொரு விதி வைத்திருந்தேன். விசைத்தறி ஓடும் நாளில் அந்த இரைச்சலில் அங்கே தெருவில் நின்று எதுவும் பேச முடியாது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அன்றைக்குத்தான் போவேன். அன்று தறி நிற்கும். ஊரே வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதவி இயக்குநர் ஞானசேகரன். முப்பது வருடத்தில் அவரைப் போல மரியாதையான அதிகாரியை நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்பார். நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். குரல் உயர்த்தியதே இல்லை. ஒரு காரியத்தையும் செய் என்று சொன்னதில்லை, செய்யாதே என்று சொன்னதுமில்லை. கேள்விதான் கேட்பார். "இது சரியா வரும்னு நெனைக்கறீங்களா மணி?" என்பார். "வேற மாதிரி பண்ணா எப்படி இருக்குங்கறீங்க?" என்பார். அவர் மனசில் என்ன இருக்கிறதோ அது நம் வாயிலிருந்து வரும்வரைக்கும் சளைக்காமல் கேட்பார். வந்ததும் பேனா மூடியைத் திறப்பார். 'கள அலுவலரின் பரிந்துரைப்படி' என்று தொடங்கி அழகான கையெழுத்தில் எழுதுவார். காகிதத்தை நம் பக்கம் திருப்பி வைத்து, "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன், பாத்துக்குங்க" என்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான், நாம் அப்படி நினைக்கவே இல்லையே என்று உறைக்கும். இப்படி எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தபோது விழா பள்ளிபாளையத்துக்கு வந்தது. ஆற்றோரம் நல்ல மைதானம். வழக்கம்போல வெளியூர்க் குழுக்களை மட்டும் கூப்பிடாமல் அந்த ஊர்க்காரர்களையே மேடையேற்றலாம் என்று எனக்கு ஓர் ஆசை. தறிக்காரர் தெரு ஒன்றில் மாரியம்மன் நோன்பி சமயத்தில் பெண்கள் கும்மி அடிப்பதைப் பார்த்திருந்தேன். இருபத்து நாலு பேர், எல்லோரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். வட்டம் சுழல்கிற வேகமும் கை ஒன்றாக விழுகிற அழகும் பயிற்சி பெற்ற குழுக்களுக்கே வராது. பாட்டும் அவர்களுடையதுதான். முன்னால் நின்று நடத்துகிறவர் பாவாயி, ஐம்பது வயதைத் தாண்டியவர், குள்ளமான உருவம்.

கரண்ட் இல்லாத ஒரு நாளில் போய்க் கேட்டேன். மற்ற பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாவாயி மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனார். பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"சார், ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. எங்களுக்குக் காது பாதிக்கு மேல போயிருச்சுங்க. தறிச் சத்தம் தின்னுபோட்டுது. பாட்டச் சத்தமாப் பாடிக்குவோம், ஆனா அதக் கேட்டு அடிக்கறதில்லீங்க. ஒருத்தி கையப் பாத்து ஒருத்தி அடிக்கறோம். எல்லாரும் எம்பட கையப் பாப்பாங்க. வட்டத்துல நின்னா எல்லாருக்கும் எல்லாரும் தெரியுமில்லீங்களா?"

"இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாதுங்களா?" என்றேன்.

"தெரியக் கூடாதுங்க சார். தறியில நூலு அறுந்தாச் சத்தம் மாறும். எங்களுக்கு அது கேக்காது, கண்ணுலதான் புடிக்கறோம். காது இல்லேன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா தறிய உட்டு எறக்கிருவாங்க. பொறகு கழிவு நூலு பொறுக்கத்தான் போவோணும். ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒத்திகைக்கு இடம் கொடுத்தவர் காதர் பாய். துண்டு மடித்துக் கட்டுகிற குடோன் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் குடோன் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். அவர் வீட்டுப் பெண்கள் டீ போட்டுக் கொண்டு வருவார்கள். ஐந்து ஞாயிறு. கடைசி ஞாயிறு காதர் பாய் என் தோளைத் தட்டி, "மணி சார், மூணு நாள் விழாவுல இந்தப் பத்து நிமிசந்தாங்க எங்கூரு" என்றார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்த வருடம்தான் முதல்முறையாக விழாவை நடத்துகிற பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய ஆள், எந்நேரமும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவர், மேடைப் படத்தை ஞானசேகரன் மேசையில் விரித்தார். கும்மி வட்டமாக இருந்தால் பாதிப் பேரின் முதுகுதான் முன்வரிசை விருந்தினர்களுக்குத் தெரியும், வீடியோவும் எடுபடாது என்றார். ஞானசேகரன் என் பக்கம் திரும்பினார். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர் மேசையில்தான் கிடந்தது.

"வட்டமாத்தான் ஆடணும்னு ஏதாவது இருக்குங்களா மணி?"

"கும்மின்னா வட்டந்தாங்க சார்."

"அது கோயில்ல ஆடறப்பங்க. மேடையில எப்படின்னு நெனைக்கறீங்க?"

நான் மேசையில் விரித்திருந்த மேடைப் படத்தைப் பார்த்தேன்.

"விருந்தினருக்கு முதுகு காட்டறது அந்தப் பெண்களுக்கே சங்கடமா இருக்காதுங்களா?"

"இருக்குங்க சார்."

"அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

"வரிசையா நிக்க வெக்கலாங்க சார்."

பேனா மூடி திறந்தது. பாடிக்கொண்டே ஆடினால் மூச்சு வாங்காதா என்று அடுத்த கேள்வி. பாட்டை ஒலிப்பதிவாகப் போட்டுவிடலாம் என்றும் நானே சொன்னேன். காகிதம் என் பக்கம் திரும்பியது, கையெழுத்துப் போட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறோமே, காரணத்தை எப்படிச் சொல்வது என்று படியிறங்கும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கு அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

பாவாயியிடம் போய்ச் சொன்னேன்.

"வரிசையாங்களா? பாட்டும் அவிய போட்டுக்குவாங்களா?" என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "செரிங்க. நானு எல்லாருக்கும் முன்னால நின்னுக்கறேன். பின்னால இருக்கறவிய எம்பட கையப் பாத்து அடிச்சுருவாங்க. முன்னால நிக்கோணும், அத மட்டும் பாத்துக்குங்க சார்."

"நான் பாத்துக்கறேங்க" என்றேன்.

விழா நாள். பொழுது சாய்கிற நேரம். மைதானம் நிரம்பி ஆற்றுச் சுவர்மேலெல்லாம் ஆட்கள். அவர்களில் பாதிக்கு மேல் அந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்கள், தங்கள் வீட்டுப் பெண்கள் ஆடுவதைப் பார்க்கச் சோற்றுப் போசியோடு வந்தவர்கள். இருபத்து நாலு பேரும் ஒரே பச்சைச் சேலையில் மேடையேறினார்கள். ஹெட்போன்காரர் அவர்களை நாலு வரிசையாக்கினார். பிறகு ஒவ்வொருவரையும் பார்த்து, வயதில் இளையவர்களையும் உயரமானவர்களையும் கையைப் பிடித்து முன்னால் கொண்டு வந்தார். பாவாயியைத் தோளைத் தொட்டு நாலாவது வரிசையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். நான் மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தேன். பாவாயி அங்கிருந்து என்னைப் பார்த்தார். முன்வரிசையில் விருந்தினருக்குப் பக்கத்தில் இருந்த ஞானசேகரன், ஏன் தாமதம் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

முதல் அரை நிமிடம் பழக்கத்தில் ஓடியது. புகைப்படக்காரர்கள் அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு கை முந்தியது, ஒரு கை பிந்தியது. பாட்டு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஆடிக்கொண்டே கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாவாயியைத் தேடினார்கள். ஒருத்தி முழுதாகவே திரும்பிவிட்டாள். அவளை அடுத்தவள் இடித்தாள். ஆளுக்கொரு பக்கமாக நின்று கையைத் தட்டினார்கள். தொகுப்பாளர் மைக்கில், "அக்காமாருக்குப் பாட்டு கேக்கலை போல, ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏத்துங்கப்பா!" என்றார். மைதானமே சிரித்தது.

அப்போது பாவாயி வரிசையைப் பிளந்துகொண்டு மேடை நடுவுக்கு வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். பெண்கள் அவரைச் சுற்றி வட்டம் கூட ஆரம்பித்தார்கள். பாதிப் பேரின் முதுகு விருந்தினரைப் பார்த்தது. கை ஒன்றாக விழத் தொடங்கியது, நாலு தட்டு, ஐந்து தட்டு. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் சிரித்த வாயெல்லாம் மூடியிருக்கும். ஹெட்போன்காரர் கையை அசைத்தார், பாட்டை நிறுத்தினார்கள். தொகுப்பாளர் நன்றி சொல்லி அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார். பாட்டு நின்றது அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை. ஒயிலாட்டக்காரர்கள் மேடைக்கு வந்து நிற்கிறவரைக்கும் கும்மி அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கும் சிரித்தார்கள்.

ஞானசேகரன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "என்னங்க மணி, இப்படி ஆகும்னு நீங்க நெனச்சீங்களா?" என்று வழக்கமான மரியாதையோடு கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

என் வேலைக் காலத்தில் நான் சொன்ன பொய்களைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலானவை சில்லறைப் பொய்கள். இது அப்படி இல்லை.

அறிக்கையின் அட்டையில் அந்த முதல் அரை நிமிடப் படம் வந்தது. இருபத்து நாலு பெண்கள், ஒரே பச்சை, ஒரே சீராகத் தூக்கிய கைகள். 'தறித் தொழிலாளர் பெண்களின் உற்சாகப் பங்கேற்பு' என்று கீழே வாசகம் எழுதியது நான்தான். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இரண்டு மாதத்தில் எனக்குப் பதவி உயர்வும் வந்தது. ஊரில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு 'செவிட்டுக் கும்மி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காதர் பாய் போன் செய்தார். அவர் எப்போதும் சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று அதெல்லாம் இல்லை.

"மணி சார், அந்த வீடியோவப் பாத்துப்போட்டு பாவாயியோட மொதலாளி என்ன பண்ணுனாரு தெரியுமுங்களா? தறிய நிறுத்திப்போட்டு, ஒவ்வொரு பொம்பளைக்கும் முதுகுக்குப் பின்னால நின்னு மெதுவாப் பேரச் சொல்லிக் கூப்புட்டுருக்காருங்க. திரும்பாதவங்கள எல்லாம் தறிய உட்டு எறக்கிட்டாரு. மத்த பட்டறையிலயும் அதே மாதிரி பண்ணிட்டிருக்காங்க. உங்களுக்கு இது முன்னயே தெரியுமுங்களா சார்?"

போனை வைத்துவிட்டேன். அவருக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பள்ளிபாளையம் போனேன். என்ன சொல்வதென்று பஸ்ஸில் முழுக்கத் தயார் செய்துகொண்டு போனேன். ரகசியத்தை நான் வெளியே விட்டுவிட்டேன் என்று பாவாயி நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. பட்டறைக்குள் தறிகள் இரைந்துகொண்டிருந்தன. பக்கத்துச் சந்தில் ஒரு குவியல் கழிவு நூலுக்கு முன்னால் பாவாயி உட்கார்ந்திருந்தார், எனக்கு முதுகு காட்டி. "பாவாயம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

சுற்றிக்கொண்டு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தார். "வாங்க சார்" என்றார். ஊருக்குப் புதிதாக வந்த யாரையும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார்.

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்கம்மா. சத்தியமாச் சொல்றேன், உங்களுக்குக் குடுத்த வாக்க நான் மீறல" என்றேன்.

என் வாயைப் பார்த்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அது தெரியுமுங்க சார். நீங்க ஆருகிட்டயும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. வட்டமா ஆடட்டும்னு சொல்லல. அவ முன்னால நிக்கட்டும்னு சொல்லல. நீங்க ஒண்ணுமே சொல்லலீங்க."

குனிந்து நூலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன், முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். என்னைப் பார்த்தால்தான் அவருக்கு அதெல்லாம் கேட்கும். நான் எழுந்து போகிறவரைக்கும் அவர் நிமிரவில்லை.